எறிந்தவையும் எஞ்சியவையும் – 7: ஜாம் டப்பாவும் மில்ஸ் குண்டும்

ஜெர்மனியின் இங்கோல்ஸ்டாட் நகரில் 1983-இல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட சுடுமண் கையெறிகுண்டுகளோடு சென்ற இதழை முடித்திருந்தோம். நூற்றுக்கணக்கில் கிடைத்த அவை 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பலவற்றில் கரிமருந்து அப்படியே இருந்தது. அத்தனை காலம் அவை தப்பிப் பிழைத்ததற்குக் காரணம் ஒன்றுதான்: யாரும் அவற்றை எறியவில்லை. கோட்டை அகழியில் போட்டு மூடிவிட்டார்கள். அதே மட்பாண்டப் பட்டறையில் செய்து, முற்றுகைகளின்போது கைமாறி, மதிலுக்கு வெளியே வீசப்பட்டவை எத்தனையோ. அவற்றில் ஒன்றுகூட முழுசாக நமக்குக் கிடைக்கப்போவதில்லை.

பழங்காலப் படைக்கலங்களைச் சேகரிப்பவர்கள் இந்த ஒரு செய்தியை மறக்கக் கூடாது என்பேன். வாள் போருக்குப் போய்த் திரும்பினாலும் வாள்தான். துப்பாக்கியும் அப்படியே. அதன் தழும்புகளில் அது சென்ற களத்தைத் தேடலாம். கையெறிகுண்டு தன் வேலையைச் செய்து முடிக்கும் நொடியில் இல்லாமல் போகிறது. ஆகவே அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டியிலும் சேகரிப்பாளரின் அலமாரியிலும் நாம் பார்ப்பவை எல்லாம் வேறு வகை: மருந்து நிரப்பாதவை, பயிற்சிக்கெனத் துளையிட்டவை, வெடிக்கத் தவறியவை, தொலைந்தவை, புதைக்கப்பட்டவை. போரில் பயன்பட்டவற்றை அவற்றின் வாயிலாக நாம் ஊகித்துத்தான் அறிய வேண்டும். இதை 1914–15 ஆண்டுகளைப் போல வேறெந்தக் காலமும் தெளிவாகக் காட்டுவதில்லை.

அதற்கு முன் சுருக்கமாக ஒரு பின்னணி. 18-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பியப் படைகள் திறந்தவெளிப் போரில் கையெறிகுண்டைக் கைவிட்டிருந்தன. வரிசை கட்டி நின்று துப்பாக்கி சுடும் முறை வந்த பிறகு, எதிரியின் பக்கத்தில் போய்த் திரி கொளுத்தி எறிய நேரமும் இல்லை, தேவையும் இல்லை. குண்டு எறிபவரைக் குறித்த கிரனேடியர் என்ற பெயர் மட்டும் உயரமான, பொறுக்கியெடுத்த வீரர்களுக்கு உரிய பட்டமாக நிலைத்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சிப்பாய்ப் படைகளிலும் கிரனேடியர் கம்பெனிகள் இருந்தன. இன்றைய இந்திய ராணுவத்தின் கிரனேடியர்ஸ் ரெஜிமெண்ட் தன் தொப்பிச் சின்னத்தில் கையெறிகுண்டைச் சுமப்பது அந்த மரபின் தொடர்ச்சி. கோட்டை முற்றுகையிலும் கப்பலிலும் மட்டும் குண்டு உயிரோடு இருந்தது.

1904–05 ரஷ்ய-ஜப்பானியப் போரில் போர்ட் ஆர்தர் முற்றுகை நடந்தபோது நிலைமை மாறியது. பதுங்குகுழிக்கும் பதுங்குகுழிக்கும் இடையே சில கஜ தூரமே இருந்த அந்தக் களத்தில் துப்பாக்கிக்கு வேலை குறைவு. இரு தரப்பும் கையில் கிடைத்த தகரம், பழைய பீரங்கிக் குண்டு உறைகள் எல்லாவற்றிலும் மருந்தைத் திணித்து எறிந்தன. பல நாட்டு ராணுவப் பார்வையாளர்கள் அந்தப் போரைக் கவனித்து அறிக்கை எழுதினார்கள். ஜெர்மனி அந்தப் பாடத்தைப் படித்துக்கொண்டு, முற்றுகைப் போருக்கென்று பத்தாயிரக்கணக்கில் கையெறிகுண்டுகளைச் செய்து கிடங்கில் வைத்தது. பிரிட்டன் 1908-இல் ஒரே ஒரு மாதிரியை ஏற்றுக்கொண்டது. அதற்கு நம்பர் 1 என்று பெயர்.

அந்த நம்பர் 1 இன்று அரிய பொருள். படங்களில் பார்த்தால் ஆயுதம் என்றே தோன்றாது. பித்தளையும் இரும்பும் சேர்ந்த ஒரு குழல், அதன் அடியில் 16 அங்குல நீளப் பிரம்புக் கைப்பிடி, பிடியின் முனையில் காற்றில் பறக்கும் துணி நாடாக்கள். நாடாக்கள் வால் போலப் பின்னால் இழுக்க, குண்டு தலைகீழாக விழும். விழுந்து மோதிய கணத்தில் வெடிக்கும். வெட்டவெளியில் நின்று எறிபவருக்கு நல்ல கருவிதான். ஆனால் பதுங்குகுழி குறுகலானது. எறிவதற்காகக் கையைப் பின்னால் கொண்டுபோனால் பிரம்பின் நீளத்துக்குப் பின்சுவர் இடிக்கும். இடித்தால் அங்கேயே வெடிக்கும். எறிய நினைத்தவரும் அவர் பக்கத்தில் நின்றவர்களும் அப்படி இறந்தார்கள். பிறகு பிடியை ஏறத்தாழப் பாதியாக வெட்டிக் குறைத்தார்கள். அரிய பொருளாக இருப்பதற்குக் காரணம் முதலில் செய்ததே குறைவு என்பதுதான். செய்வதற்குக் கடினம், விலை அதிகம்.

இந்த நிலையில்தான் 1914 செப்டம்பர் இறுதியில் இந்தியப் படைகள் மார்செய் துறைமுகத்தில் இறங்கத் தொடங்கின. லாகூர், மீரட் ஆகிய இரண்டு காலாட்படை டிவிஷன்கள். அக்டோபர் முடிவதற்குள் அவர்கள் பிரான்சின் வடக்கே நவ் ஷபேல், பெஸ்துபெர், ஜிவான்ஷி ஊர்களின் ஈரமண்ணில் பதுங்குகுழிகளுக்குள் இருந்தார்கள். எதிரே இருந்த ஜெர்மானியரிடம் கையெறிகுண்டுகள் இருந்தன. இவர்களிடம் ஏறக்குறைய இல்லை.

இது என்ன பொருள் தருகிறது என்பதை ஒரே இரவில் காணலாம். நவம்பர் 23 அன்று ஜெர்மானியர் பெஸ்துபெர் அருகே இந்தியர்களின் பதுங்குகுழிகளுக்கு மிக அருகில் வரை தோண்டி வந்து, குண்டு வீசி, சில பகுதிகளைப் பிடித்துக்கொண்டனர். அன்றிரவே அவற்றை மீட்க வேண்டும். பதுங்குகுழி நேர்கோட்டில் இருக்காது. குண்டுச் சிதறல் நெடுகப் பாயாமலிருக்கச் சில கஜத்துக்கு ஒரு முறை திருப்பம் வைத்து வெட்டியிருப்பார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் அப்பால் எதிரி இருக்கிறான், அவன் கையில் குண்டு இருக்கிறது. 39-ஆவது கார்வால் ரைபிள்ஸின் முதல் பட்டாலியனைச் சேர்ந்த நாயக் தர்வான் சிங் நேகி அந்தத் திருப்பங்களில் ஒவ்வொன்றிலும் முதலில் நுழைந்தவர்களில் ஒருவர். தலையில் இரண்டு இடங்களிலும் கையிலும் காயம். நிற்கவில்லை. அவருக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டபோது வெளியான அறிவிப்பில், மிக அருகிலிருந்து வந்த குண்டு வீச்சையும் துப்பாக்கிச் சூட்டையும் எதிர்கொண்டவர் என்று பதிவாகியிருக்கிறது. டிசம்பர் 5 அன்று பிரான்சிலேயே மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் அதை அவருக்கு அணிவித்தார். லேன்ஸ்டவுனில் உள்ள ரெஜிமெண்ட் அருங்காட்சியகம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. 1915 மார்ச் 10 அன்று, நவ் ஷபேலில், அதே ரெஜிமெண்டின் இரண்டாவது பட்டாலியனைச் சேர்ந்த கபர் சிங் நேகி இதே போலத் திருப்பத்துக்குத் திருப்பம் முன்னேறினார். இப்போது அவருடைய குழுவின் கையிலும் குண்டுகள் இருந்தன. எதிரிகள் சரணடைந்தார்கள். அவர் உயிர் தப்பவில்லை.

நவம்பரில் இல்லாத குண்டுகள் மார்ச்சில் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி, களத்துக்குச் சற்றுப் பின்னால் இருந்த கொட்டகைகளிலிருந்து. சாப்பர்ஸ் அண்டு மைனர்ஸ் எனப்படும் பொறியியல் படைப்பிரிவுகள் கிடைத்ததை வைத்துச் செய்யத் தொடங்கின. கிடைத்ததில் மலிவானது ஜாம் டப்பா. பிரிட்டிஷ் வீரர்களின் ரேஷனில் தினமும் வந்த பிளம்-ஆப்பிள் ஜாமை கிரிம்ஸ்பி ஊரின் டிக்ளர் நிறுவனம் பெருமளவில் அனுப்பியது. தின்று தீர்த்த தகரங்கள் பதுங்குகுழிகளுக்குப் பின்னால் மலையாகக் குவிந்திருந்தன. அவற்றில் வெடிமருந்தையும் இரும்புத் துணுக்குகளையும் அடைத்து, திரியை வெளியே நீட்டி, மூடினார்கள். வீரர்கள் அதற்கு ‘டிக்ளரின் பீரங்கிப் படை’ என்று பெயர் வைத்தார்கள். எறிபவர் திரியைக் கொளுத்த வேண்டும். கொளுத்தியபின் எவ்வளவு நேரம் என்பது செய்தவரின் கைநேர்த்தியைப் பொறுத்தது. சீக்கிரம் எரிந்தால் கையிலேயே வெடிக்கும். தாமதித்தால் எதிரி எடுத்துத் திருப்பி எறிவான்.

இந்தியப் படையோடு வந்த சாப்பர்ஸ் அதிகாரிகளில் பி.சி. பேட்டி என்ற ராயல் எஞ்சினியர் ஒருவர் இருந்தார். தகரத்தை விட உறுதியான ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். பெத்யூன் நகரில் ஒரு வார்ப்படப் பட்டறை இன்னும் இயங்கிக்கொண்டிருந்தது. அங்கே வெளிப்புறத்தில் கோடுகள் வெட்டிய சிறு வார்ப்பிரும்பு உருளைகளை வார்க்கச் செய்தார். பேட்டி குண்டு என்றும் பெத்யூன் குண்டு என்றும் அதற்குப் பெயர்கள். இன்றைய சேகரிப்பாளர்கள் இதை விரும்பித் தேடுகிறார்கள். களிமண்ணுக்குள் கிடந்த வார்ப்பிரும்பு, மேலே துரு கட்டினாலும், உருவம் குலையாமல் வருகிறது.

ஜாம் டப்பா அப்படி வருவதில்லை. தகரம் சில குளிர்காலங்களிலேயே இற்றுப்போகிறது. எண்ணிக்கையில் பேட்டி குண்டை விடப் பல மடங்கு செய்யப்பட்டது அது. அலமாரியில் ஏறக்குறைய இல்லை. சேகரிப்புகளை மட்டும் பார்த்து 1915-இன் வரலாற்றை எழுத உட்கார்ந்தால், அந்த ஆண்டை உண்மையில் தாங்கிநின்ற பொருள் நம் கண்ணிலேயே படாது. விற்பனைக்கு வரும் ‘அசல் ஜாம் டப்பா குண்டு’ எதையும் நான் முதலில் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். பழைய தகரம் ஒன்றும் ஒரு துண்டுத் திரியும் இருந்தால் யாரும் போலியைச் செய்துவிட முடியும். பொருளைவிட அதோடு வரும் தாள்தான் முக்கியம். இது இன்ன வீரர் இன்ன நாளில் வீட்டுக்குக் கொண்டுவந்தது என்று குடும்பத்தார் எழுதி வைத்த குறிப்பு, அன்றைய கடிதம், அருங்காட்சியகப் பதிவேட்டில் வந்து சேர்ந்த தேதி, இவை இல்லாத தகரம் வெறும் தகரமே.

1915 மே 18 அன்று நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் நகர முடியாது. ரிஷ்பூர் லாவுவே என்ற ஊருக்கு அருகில், ஜெர்மானியரிடமிருந்து பிடித்த ஒரு பதுங்குகுழித் துண்டில் இந்தியப் படையினர் சிலர் தனியாகச் சிக்கிக்கொண்டு நின்றனர். அவர்களிடம் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. பின்னாலிருந்து குண்டு கொண்டுபோன இரண்டு குழுக்கள் வழியிலேயே அழிந்தன. மூன்றாவதாக 15-ஆவது லூதியானா சீக்கியர் படையின் லெப்டினன்ட் ஜான் ஸ்மித் பத்துச் சிப்பாய்களோடு புறப்பட்டார். எடுத்துச் சென்றவை 96 குண்டுகள், இரண்டு பெட்டிகளில். நிமிர்ந்து நடக்க வழியில்லை. சிப்பாய்கள் தங்கள் தலைப்பாகைகளை அவிழ்த்துப் பெட்டிகளில் கட்டி, இறந்துகிடந்த உடல்களுக்கிடையே தவழ்ந்தபடி இழுத்தார்கள். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் துணியைப் பற்றிக்கொண்டார். எட்டுப் பேர் கொல்லப்பட்டோ காயமடைந்தோ வீழ்ந்தார்கள். ஒரு நீரோடையையும் கடந்து, மிஞ்சிய இருவரோடு ஸ்மித், எதிரியிலிருந்து 20 கஜ தூரத்துக்குள் குண்டுகளைக் கொண்டு சேர்த்தார். அவருக்கு விக்டோரியா கிராஸ். உடன் சென்ற சிப்பாய்களுக்கும் பதக்கங்கள் கிடைத்தன. ஆனால் பின்னாளில் எழுதப்பட்ட போர்க் கதைகளில் பெரும்பாலும் ஸ்மித்தின் பெயர்தான் திரும்பத் திரும்ப வருகிறது. தலைப்பாகையை அவிழ்த்த கைகளுக்கு உரியவர்களின் பெயர்கள் படைப்பிரிவு வரலாற்றின் பக்கங்களில் தேடினால்தான் அகப்படும். அது எனக்கு வருத்தம் தருகிறது.

அதே மாதங்களில் கிழக்கே கலிப்போலியிலும் இதே பஞ்சம். தளபதி இயான் ஹாமில்டன், ரஷ்ய-ஜப்பானியப் போரின்போது மஞ்சூரியாவில் ஜப்பானியப் படையோடு பார்வையாளராக இருந்தவர். பத்தாண்டுக்குப் பின் அவர் தலைமையில் 1915 ஏப்ரல் 25 அன்று தரையிறங்கிய ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களிடம் கையெறிகுண்டு என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அன்சாக் கோவ் கடற்கரையில் ஒரு குண்டுப் பட்டறை முளைத்தது. அங்கேயும் டப்பாக்கள்தான் மூலப்பொருள். துருக்கியரிடம் உருண்டையான இரும்புக் குண்டுகள் இருந்தன. அவற்றின் திரி சற்று நீளம் என்பதை ஆஸ்திரேலியர்கள் சீக்கிரமே கண்டுகொண்டனர். விழுந்த குண்டை எடுத்துத் திருப்பி எறிவதே ஒரு போர்முறையானது. நேரமில்லாதபோது பாதி நிரப்பிய மண்மூட்டையை மேலே போட்டு அமுக்கினார்கள். ஆகஸ்ட் 6 முதல் 10 வரை லோன் பைன் என்ற மேட்டில் நடந்த சண்டை ஏறக்குறைய முழுவதும் கையெறிகுண்டுச் சண்டை. அந்த ஒரு மேட்டுக்கு மட்டும் ஏழு ஆஸ்திரேலியர்களுக்கு விக்டோரியா கிராஸ் வழங்கப்பட்டது. அவர்களில் லெனர்ட் கீசர் எரிந்துகொண்டிருந்த இரண்டு குண்டுகளை எடுத்துத் திருப்பி எறிந்து, காயத்தோடும் தொடர்ந்து எறிந்துகொண்டிருந்தவர்.

லண்டனில் இதற்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் புதுப்புது மாதிரிகள் வந்துகொண்டிருந்தன. நம்பர் 2, நம்பர் 3 என்று வரிசை நீண்டது. பல மாதிரிகள் குறைந்த எண்ணிக்கையோடு நின்றுபோயின. வரிசையை நிறைவு செய்ய ஆசைப்படும் சேகரிப்பாளர்கள் ஆயுள் முழுக்கத் தேடுவது இவற்றைத்தான். அதில் எல்லாம் நாம் இறங்க வேண்டியதில்லை. நம்பர் 15 மட்டும் போதும். கிரிக்கெட் பந்து என்று வீரர்கள் அழைத்த வார்ப்பிரும்பு உருண்டை. மணிக்கட்டில் கட்டியிருக்கும் உரசுபட்டையில் திரி முனையைத் தீக்குச்சி போல உரசிப் பற்றவைக்க வேண்டும். 1915 செப்டம்பர் 25 அன்று லூஸ் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் வீரர்கள் கையில் பெரும்பாலும் இருந்தது இதுவே. மழை பெய்தது. உரசுபட்டை நனைந்தது. பற்றவைக்க முடியாத குண்டுகளோடு வீரர்கள் ஜெர்மானியக் குண்டு வீச்சின் எதிரில் நின்றார்கள். இன்று ஃபிளாண்டர்ஸ், ஆர்த்வா மண்ணிலிருந்து நம்பர் 15 உருண்டைகள் நிறையக் கிடைக்கின்றன. தொடக்கத்தில் நான் சொன்ன கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஒரு குண்டு மண்ணில் அதிகமாகக் கிடைப்பது, அது போரில் நன்றாகப் பயன்பட்டதற்குச் சான்றாகாது. கைவிட்டதற்கும் அதுவே தடயமாகலாம்.

தேவைப்பட்டது என்ன என்பது இப்போது யாருக்கும் விளங்கும்: நெருப்பு வேண்டாத, மழைக்கு அஞ்சாத, எறிபவர் கையில் இருக்கும்வரை உறங்கிக் கிடக்கிற குண்டு.

அதைக் கொண்டுவந்தவர் வில்லியம் மில்ஸ். 1856-இல் சண்டர்லாந்தில் பிறந்தவர். கப்பலின் உயிர்காப்புப் படகுகளை இறக்கும் கருவியாலும் அலுமினிய வார்ப்படத்தாலும் முன்னுக்கு வந்தவர். அவருடைய அலுமினியத் தலை வைத்த கோல்ஃப் மட்டைகளை இன்றும் கோல்ஃப் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகிறார்கள். குண்டின் அடிப்படை யோசனை முழுக்க அவருடையதல்ல. பெல்ஜிய ராணுவத்தின் கேப்டன் லியோன் ரோலான் முன்பே ஒரு வடிவம் வைத்திருந்தார். அது ஆல்பர்ட் துவாந்த்ர் என்ற பெல்ஜியப் பொறியாளர் மூலம் மில்ஸிடம் வந்தது. மில்ஸ் அதைத் திருத்தி 1915-இல் காப்புரிமை பெற்றார். யாருக்கு எவ்வளவு உரிமை என்ற வழக்கு போருக்குப் பின்னும் நீடித்தது. ஒரு நல்ல கருவி பல கைகளில் உருவாவதே இயல்பு. மில்ஸின் பெயரோடு ரோலானின் பெயரையும் சேர்த்துச் சொல்வதே நியாயம் என்று நினைக்கிறேன். மில்ஸுக்கு 1922-இல் சர் பட்டம் கிடைத்தது. கண்டுபிடிப்பாளர்களுக்கான அரச ஆணையம் 27,750 பவுண்டு வழங்கியது. இந்தக் குண்டால் தனக்கு நட்டம்தான் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். 1932-இல் மறைந்தார்.

நம்பர் 5 என்று ராணுவம் பதிவு செய்த அந்தக் குண்டு ஒரு பெரிய கொய்யாக்காய் அளவு, முக்கால் கிலோவுக்குச் சற்று அதிக எடை. பக்கவாட்டில் வளைந்திறங்கும் நெம்புகோல் ஒன்று. வளைய ஊசியை உருவிய பிறகும் அந்த நெம்புகோலை உள்ளங்கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கை விட்டதும் நெம்புகோல் தெறித்து விழும். அதன்பின் சில நொடிகள். தீப்பெட்டியோ உரசுபட்டையோ எதுவும் வேண்டாம். போர் முடிவதற்குள் 7 கோடிக்கும் மேல் செய்யப்பட்டன. பர்மிங்காமில் மில்ஸின் தொழிற்சாலையில் தொடங்கி, நாடு முழுவதும் இருந்த பட்டறைகள் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. குண்டு நிரப்பும் கூடங்களில் பெண்கள் பெருமளவில் வேலை செய்தார்கள்.

மில்ஸ் குண்டைக் கையில் எடுக்கும் தேர்ந்த சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அதன் அடிப்பாகத்தை. அங்கே திருகி மூடிய வட்ட அடைப்பு இருக்கும். அதில் மாதிரியின் எண், செய்த நிறுவனம், செய்த மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். நம்பர் 5 என்றால் எளிய அடைப்பு. துப்பாக்கியிலிருந்து செலுத்த வசதியாக நடுவில் கம்பி திருகும் துளை இருந்தால் நம்பர் 23. துப்பாக்கி முனையில் பொருத்தும் கிண்ணத்திலிருந்து செலுத்த, தட்டையான வட்டத்தகடு மாட்டும் அமைப்பு இருந்தால் நம்பர் 36; 1918-இல் வந்தது. அடைப்பு பித்தளையா, அலுமினியமா, இரும்பா என்பதிலேயே உலோகப் பஞ்சம் எப்போது எப்படி இருந்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். உடலில் வார்த்த எழுத்துகள் ஒரு நிறுவனத்தையும் அடைப்பு இன்னொரு நிறுவனத்தையும் சொல்வது உண்டு. பின்னாளில் யாரோ துண்டுகளைச் சேர்த்து ஒட்டவைத்தது என்று உடனே தள்ளிவிடக் கூடாது. அன்றைய உற்பத்தி அப்படித்தான் சிதறி நடந்தது.

குண்டின் மேல் அன்னாசிப்பழத் தோல் போல் இருக்கும் கட்டங்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நூறு ஆண்டுகளாக உலவுகிறது. அந்தக் கோடுகள் வழியே குண்டு சீராகப் பிளக்கும் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். உண்மையில் அது தாறுமாறாகத்தான் சிதறுகிறது. மழையிலும் சேற்றிலும் வழுக்காமல் பிடிப்பதற்கே அவற்றை வைத்ததாக மில்ஸ் தெரிவித்திருக்கிறார்.

36-இன் கிளைகளில் ஒன்று 36எம். அந்த ‘எம்’ மெசபடோமியாவைக் குறிக்கும். அந்த நாட்டின் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்க அரக்குப் பூசி அடைத்த வகை. மெசபடோமியா, முதல் உலகப் போரில் இந்தியப் படைகள் எண்ணிக்கையில் மிக அதிகமாகப் போரிட்ட களம். மெட்ராஸ் சாப்பர்ஸ் கம்பெனிகள் பணியாற்றிய களமும்கூட. போருக்கு முன்பே, 1912-இல், பெங்களூரில் அந்த மெட்ராஸ் சாப்பர்ஸோடு இருந்த கேப்டன் மெக்ளின்டாக், முள்வேலிகளைத் தகர்க்கும் ‘பெங்களூர் டார்பிடோ’வை உருவாக்கியிருந்தார். அந்தக் கதைக்குத் தனி அத்தியாயம் வேண்டும்.

சேகரிப்பைப் பற்றிச் சொல்லும்போது ஆபத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எஞ்சியவற்றில் ஒரு பகுதி வெடிக்கத் தவறியவை என்றேன். தவறியது என்றால் செத்தது என்று பொருளல்ல. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் வயல்களில் ஏர் ஓட்டும்போது மேலே வரும் முதல் உலகப் போர்க் குண்டுகளை இன்றும் ஆண்டுக்கு நூறு டன்னுக்கு மேல் ராணுவ வெடிகுண்டுப் பிரிவு சேகரித்து அழிக்கிறது. உழவர்கள் அவற்றைத் தொடாமல் தகவல் சொல்கிறார்கள். அந்த மண்ணில் நூறாண்டாக வாழ்ந்து கற்ற எச்சரிக்கை அது. வயலில் இருக்கும் அந்த எச்சரிக்கை, பழம்பொருள் கடையின் மேசைக்கு வரும்போது கரைந்துவிடுகிறது. 2008-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில், உள்நாட்டுப் போர்க்காலக் குண்டுகளை ஆண்டுக்கணக்கில் துப்புரவு செய்து பழகிய ஒரு சேகரிப்பாளர், தன் வீட்டு முற்றத்தில் அப்படி ஒரு கப்பற்படைக் குண்டு வெடித்து இறந்தார். அது செய்யப்பட்டு 140 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 2020 டிசம்பரில் அதே மாநிலத்தில் ஒரு பதின்ம வயதுச் சிறுவன் இறந்தான். வெடித்தது, பக்கத்து மாநிலத்துப் பழம்பொருள் அங்காடியில், வெறும் கூடு என்று நினைத்து வாங்கிய கையெறிகுண்டு. அதே இடத்தில் வேறு யாரேனும் வாங்கியிருந்தால் உடனே தெரிவிக்குமாறு அமெரிக்க அரசு பொது அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது.

துரு பிடித்தது, எடை குறைவு, ஊசி இல்லை, விற்றவர் சொன்னார் என்பவையெல்லாம் சான்று அல்ல. அடைப்பு திறந்து உட்புறம் காலியாக இருப்பதைத் தகுதியுள்ள வெடிகுண்டு நிபுணர் பார்த்து எழுதிக்கொடுத்தது மட்டுமே சான்று. நம் நாட்டில் கேள்விக்கே இடமில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் கையெறிகுண்டைத் தடைசெய்யப்பட்ட தளவாடங்களில் சேர்த்திருக்கிறது. 1944-இல் ஜப்பானியரோடு போர் நடந்த இம்பால், கோஹிமா சுற்றுவட்டாரங்களில் வீட்டுக்கு அடித்தளம் தோண்டும்போதும் தோட்டம் கொத்தும்போதும் குண்டுகள் இன்னும் வருகின்றன. கண்டால் விலகி நின்று காவல் துறைக்குச் சொல்ல வேண்டும். அந்தக் களங்களின் நினைவைப் போற்ற ஆசைப்படுபவர்களுக்கு ஹெல்மெட், தண்ணீர்க் குடுவை, கடிதம், புகைப்படம் என்று எவ்வளவோ இருக்கின்றன. அவற்றையும் சேகரிக்க ஆள் போதவில்லை.

தனியார் அலமாரிகளைவிட அருங்காட்சியகங்களையே நான் நம்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் 1917 மார்ச்சில், போர் உச்சத்தில் இருக்கும்போதே, இம்பீரியல் வார் மியூசியத்துக்கு அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நடந்துகொண்டிருக்கும் போரின் பொருள்களை நடந்துகொண்டிருக்கும்போதே திரட்டத் தொடங்கினார்கள். 1920 ஜூனில் கிரிஸ்டல் பேலஸில் மக்களுக்குத் திறந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் போர்க்கால நிருபர் சார்லஸ் பீனின் முயற்சியால் அப்படியே நடந்தது. கான்பெராவின் போர் நினைவகம் அதன் பலன். வீரர்கள் உயிரோடு இருந்து சொல்லக்கூடிய காலத்தில், யார் செய்தது, எங்கே பயன்பட்டது என்ற குறிப்போடு பொருள்கள் உள்ளே வந்தன. ஜாம் டப்பா குண்டு என்று நாம் இன்று நம்பிக்கையோடு சுட்டிக்காட்டக்கூடியவை சிலவாவது இருப்பதற்கு அந்த முன்யோசனையே காரணம்.

மில்ஸ் குண்டுக்கு இப்படிப்பட்ட தயவு தேவைப்படவில்லை. பிரிட்டிஷ் ராணுவம் 1970-கள் வரை 36எம்-ஐ வைத்திருந்தது. இந்தியாவில் அது அதைவிடவும் நீண்ட காலம் வாழ்ந்தது. சுதந்திரத்துக்குப் பின்னும் நம் படைத்தளவாடத் தொழிற்சாலைகள் அதைச் செய்தன. நம் வீரர்கள் போர்களில் அதையே எறிந்தார்கள். டிஆர்டிஓ வடிவமைத்து, நாக்பூரில் தனியார் நிறுவனம் தயாரித்த பல்முறைக் கையெறிகுண்டு 2021 ஆகஸ்ட் 24 அன்று ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டபோதுதான், அது நம்பர் 36-இன் இடத்தை நிரப்பும் என்று பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. முதலில் 10 லட்சம் குண்டுகளுக்கு ஒப்பந்தம். நாக்பூர்க் குண்டின் உடலில் வார்ப்பிரும்பு இல்லை.

அடுத்த இதழில் ஜப்பானுக்குப் போகிறோம். 1944-இல் இரும்பு தீர்ந்துபோன அந்த நாடு, அரிதா, பிஸென் போன்ற புகழ்பெற்ற மட்பாண்ட ஊர்களின் சூளைகளில் பீங்கான் கையெறிகுண்டுகளைச் சுடவைத்தது. சைதாமா மாகாணத்தின் பின்னுமா ஆற்றங்கரையில் அந்தப் பீங்கான் ஓடுகள் இன்னும் குவியலாகக் கிடக்கின்றன. ஒகினாவாவில் அவை யார் கைகளுக்குப் போயின என்பதையும் பார்ப்போம்.

(தொடரும்)